இணையதளத்துக்கும் ஒரு கல்லாக் கணக்கு: சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகும் பகுப்பாய்வு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நவராத்திரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடந்து பாருங்கள். பண்ருட்டியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வந்த கொலு பொம்மைகள் நடைபாதையில் வரிசை கட்டி நிற்கும். தசாவதார செட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தவர், விலையைக் கேட்டதும் நகர்ந்தவர், “ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன்” என்று சொல்லி நிஜமாகவே திரும்பி வந்தவர் என்று எல்லாரையும் பொம்மைக்காரம்மா கவனித்துக்கொண்டே இருப்பார். மறுநாள் எந்தப் பொம்மையை முன்வரிசையில் வைப்பது என்பதை அந்தக் கவனிப்புதான் முடிவு செய்கிறது.

அதே வியாபாரத்தை இணையதளத்தில் வைத்ததும் அந்தக் கண் மூடிக்கொள்கிறது. யார் வந்தார், எதைப் பார்த்தார், எந்த இடத்தில் மனம் மாறிப் போனார் என்பது ஒன்றும் தெரியாது. ஆர்டர் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் காரணம் தெரியாது. மூடிய கண்ணைத் திறந்துவைப்பதுதான் இணையதளப் பகுப்பாய்வு மென்பொருளின் வேலை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் சிறு தொழில் நடத்துபவர்கள் அதிகச் செலவில்லாமல் அதைத் தேர்ந்தெடுக்கும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மென்பொருளைத் தேடும் முன் மூன்று கேள்விகளை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, உங்கள் இணையதளத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பும் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள். மயிலாப்பூர் பொம்மைக் கடைக்கு இப்படி இருக்கலாம்: வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் நவராத்திரிக்கு எத்தனை வாரம் முன்பே வருகிறார்கள்? எந்த செட்டை அதிகம் பார்க்கிறார்கள்? பார்த்தவர்களில் எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்?

தி.நகரில் ஆரி வேலை செய்த பிளவுஸ் தைத்துத் தருபவருக்குக் கேள்வி வேறு: இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம் ஆளைக் கொண்டுவருகிறதா? அடையாறு காந்தி நகரில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவருக்கு இன்னொன்று: வகுப்பு நேரம், கட்டணம், ஆசிரியரைப் பற்றிய அறிமுகம் ஆகியவற்றில் எந்தப் பக்கத்தைப் படித்த பிறகு பெற்றோர் போன் செய்கிறார்கள்?

நீங்கள் எழுதிய மூன்று கேள்விகளுக்கும் பதில் தரும் மிகச் சிறிய மென்பொருளே உங்களுக்கு உகந்தது. நூறு வகை அறிக்கை தரும் மென்பொருளை வாங்கி அதைத் திறந்தே பார்க்காமல் விடுவதைவிடப் பெரிய வீண்செலவு கிடையாது.

படி 2: இலவசமாக ஏற்கெனவே கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்

கூகுள் மேப்பில் உங்கள் கடை இருந்தால் அதை உங்களுடையது என்று உறுதிசெய்து ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ கணக்கை இலவசமாகத் திறக்கலாம். அங்கிருந்து எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் கடைக்கு வழி கேட்டார்கள், எத்தனை பேர் இணையதளத்துக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதிலேயே தெரியும். நேரில் வருபவர்களை நம்பியே நடக்கும் கடைக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது ‘கூகுள் சர்ச் கன்சோல்’. என்ன சொல்லைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்பதை இது காட்டும். 16 மாதக் கணக்கை வைத்திருக்கும். பொம்மை வியாபாரிக்குப் போன நவராத்திரியையும் இந்த நவராத்திரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது போதும். இந்த இரண்டையும் திறந்து பார்க்காமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

படி 3: எதை எண்ண வேண்டும் என்று தீர்மானியுங்கள்

நம் ஊர் வாடிக்கையாளர் இணையதளத்தில் இருக்கும் படிவத்தைப் பெரும்பாலும் நிரப்பமாட்டார். வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தி “இது இருக்கா?” என்று கேட்பார், இல்லையென்றால் நேராகப் போன் போடுவார். உங்கள் தளத்துக்கு ‘விற்பனை’ என்பது அந்த இரண்டு அழுத்தல்கள்தாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் அவற்றை எண்ணித் தருமா என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூகுளின் இலவசப் பகுப்பாய்வுக் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4, தளத்தைவிட்டு வெளியே போகும் லிங்குகளின் அழுத்தலைத் தானாகவே பதிவு செய்யும். வாட்ஸ்அப் லிங்க் அதில் சேர்ந்துவிடும். போன் எண்ணை அழுத்துவதை அது தானாக எண்ணாது. அதற்குத் தனியாக அமைக்க வேண்டும். தளம் கட்டித் தரும் டெவலப்பரிடம் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

படி 4: சந்தையில் இருப்பதை வகை பிரித்துப் பாருங்கள்

*இலவசப் பெரிய கருவி.* கூகுள் 2005இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி உருவாக்கியது கூகுள் அனலிட்டிக்ஸ். இன்றைய நான்காம் பதிப்புக்கும் காசில்லை. விளம்பரம் கொடுப்பவர்களுக்கு, குறிப்பாகக் கூகுள் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு, இதுதான் வசதி. ஆனால் பழகுவதற்குக் கடினம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: விரிவான ஆய்வு அறிக்கைகளுக்கான தரவை இது முதலில் 2 மாதம்தான் வைத்திருக்கும். செட்டிங்ஸில் போய் 14 மாதம் என்று மாற்றுங்கள். கணக்குத் தொடங்கும் நாளன்றே மாற்றிவிடுங்கள்.

*நடமாட்டத்தைக் காட்டும் கருவி.* 2020இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியும் இலவசம். பார்ப்பவரின் விரல் திரையில் எங்கெல்லாம் போனது என்பதை வீடியோ போல ஓட்டிக் காட்டும். பொம்மைக் கடைத் தளத்தில் இப்படி ஒரு பதிவை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ராமர் பட்டாபிஷேக செட்டின் படத்தைப் பெரிதாக்குகிறார். கீழே விலைக்கு வருகிறார். மறுபடி படத்துக்குப் போகிறார். கீழே, மேலே, மறுபடி கீழே. பிறகு மூடிவிட்டுப் போய்விடுகிறார். அவர் தேடியது உயரம். தன் வீட்டுக் கொலுப்படியில் அது நிற்குமா என்று பார்த்தார்; எத்தனை அங்குலம் என்பதைப் பக்கத்தில் எங்குமே எழுதவில்லை. ‘9 அங்குலம்’ என்று ஒரு வரி சேர்த்தால் தீரும் குறை இது. இப்படிப் பத்துப் பதிவுகளை நிதானமாகப் பார்ப்பது பல பக்க அறிக்கைக்குச் சமம்.

*எளிய, கட்டணக் கருவி.* பிளாசிபிள் போன்றவை ஒரே திரையில் எல்லாவற்றையும் காட்டிவிடும், பார்ப்பவரின் உலாவியில் குக்கீ என்ற அடையாளக் கோப்பை வைக்காது, தளத்தின் வேகத்தை அதிகம் குறைக்காது. பிளாசிபிள் மாதம் 10,000 பக்கப் பார்வைக்கு 9 டாலரில் தொடங்குவது. அனலிட்டிக்ஸைத் திறந்தாலே தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு இது நிம்மதி.

*சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளும் கருவி.* 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறிய மட்டோமோ, அதைவிடச் சிறிய உமாமி இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். மென்பொருளுக்கு விலை இல்லை, தரவும் உங்களிடமே இருக்கும். ஆனால் அப்டேட் செய்வதும் பேக்அப் எடுப்பதும் உங்கள் பொறுப்பு. வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

*உள்ளூர்க் கருவி.* சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரிப் பக்கம் தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோவின் பேஜ்சென்ஸ், சேல்ஸ்ஐக்யூ ஆகியவை தளத்துக்கு வருபவர்களைக் கவனிக்க உதவுபவை. ஏற்கெனவே ஜோஹோவில் பில் போடுபவர்களுக்கு இவை இயல்பாகப் பொருந்தும். ரூபாயில் கட்டணம், ஜிஎஸ்டி பில் என்பதால் கணக்கு எழுதுவதும் சுலபம்.

உங்கள் ஹோஸ்டிங் கணக்கில் ‘ஏடபிள்யூஸ்டாட்ஸ்’ என்ற வருகைக் கணக்குக் கருவி ஏற்கெனவே இருக்கக்கூடும். இணையத்தில் தானாக உலவும் நிரல்களையும் அது ஓரளவு எண்ணிவிடும் என்பதால், அந்த எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம்.

படி 5: உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

மாதம் 1,200 பேர் வருகிறார்கள், ஒருவர் சராசரியாக 4 பக்கம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 4,800 பக்கப் பார்வை. 10,000 வரையிலான திட்டம் தாராளமாகப் போதும். ஆனால் நவராத்திரி மாதத்தில் மூன்று மடங்கு கூட்டம் வந்தால் 14,400 ஆகிவிடும். தி.நகருக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் அப்படித்தான். மயிலாப்பூருக்கு மார்கழி இசை விழாவும் பங்குனியில் அறுபத்து மூவரும் அப்படித்தான். ஒரு மாதம் மட்டும் எல்லையைத் தாண்டினால் கூடுதல் கட்டணமா, எண்ணுவதை நிறுத்திவிடுவார்களா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டாலர் கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி, அந்நியச் செலாவணிக்காக வங்கி பிடிக்கும் கட்டணம் இரண்டையும் சேருங்கள். மாதம் 9 டாலர் என்பது வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கூடுதல் ஒப்புதலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சில வெளிநாட்டுச் சந்தாக்கள் இதனால் நடுவில் நின்றுபோகும். வருடச் சந்தாவை ஒரே தடவையில் கட்டுவது தொல்லை இல்லாத வழி.

இலவசக் கருவிக்கும் ஒரு விலை உண்டு: பொருத்தித் தரும் டெவலப்பரின் கூலியும், கற்றுக்கொள்ள நீங்கள் செலவழிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளும். அவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 6: சாவி உங்கள் கையில் இருக்கட்டும்

இணையதளம் செய்து கொடுத்தவர் பகுப்பாய்வுக் கணக்கையும் தன் சொந்த மெயிலில் தொடங்கிவிடுவார். பின்னாளில் அவர் போனை எடுக்கமாட்டார். மூன்று வருடக் கணக்கு அவரோடு போய்விடும். கணக்கைக் கடையின் மெயிலில் நீங்களே தொடங்கி, அவருக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். கடைச் சாவியை ஆசாரியிடம் யாரும் விட்டுவைப்பதில்லை.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் வாடிக்கையாளருக்குத் தமிழிலேயே எழுதி வையுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதை இச்சட்டம் கட்டுப்படுத்துவதால், நாட்டிய வகுப்பு, டியூஷன் நடத்துபவர்கள் குக்கீ இல்லாத எளிய கருவியை எடுப்பது நல்லது. பெயர், போன் எண் எதுவும் பகுப்பாய்வுக் கருவிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: பொருத்தியதும் நீங்களே சோதியுங்கள்

கடை வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் தளத்தைத் திறங்கள். இரண்டு பக்கம் பாருங்கள், வாட்ஸ்அப் பொத்தானை அழுத்துங்கள், போன் எண்ணையும் அழுத்துங்கள். நான்கும் மென்பொருளில் பதிவாகின்றனவா? ஆகவில்லை என்றால் டெவலப்பருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு கடை ஊழியர்களின் வருகை கணக்கில் சேராதபடி விலக்கிவிடுங்கள். தினம் இருபது தடவை நாமே திறந்து பார்த்துவிட்டுக் கூட்டம் வருகிறது என்று நம்பக் கூடாது.

இரண்டு கருவிகளில் எது என்று தீர்மானிக்க முடியவில்லையா? இரண்டு வாரம் இரண்டையும் ஓடவிடுங்கள். எண்கள் ஒத்துப்போகாது, எண்ணும் முறை வேறு என்பதால் அது இயல்பு. எதைத் திறந்ததும் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் சீக்கிரம் விடை தெரிகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

படி 8: வரும் வழிக்கு அடையாளம் வையுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த லிங்க் வழியாக வருபவர், முகவரியை நேரடியாக அடித்து வந்தவர் போலவே பெரும்பாலும் பதிவாவார். லிங்கின் கடைசியில் ‘யூடிஎம்’ குறியைச் சேர்த்தால் இந்தக் குழப்பம் தீரும். யூடிஎம் என்ற சுருக்கத்தின் முதல் எழுத்தே அர்ச்சினைக் குறிப்பதுதான். வாட்ஸ்அப்புக்கு ஒரு குறி, இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று, துணிப்பையில் அச்சடித்த கியூஆர் கோடுக்கு ஒன்று. எந்தக் காசு வேலை செய்கிறது என்பது இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும்.

படி 9: வாரம் ஒரு தடவை, கால் மணி நேரம்

திங்கள் காலை கடை திறக்கும் முன் மூன்று எண்களை நோட்டில் எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கம் அதிகம் பார்க்கப்பட்டது, எத்தனை பேர் வாட்ஸ்அப்பையும் போனையும் அழுத்தினார்கள். பத்துப் பேர் வந்து இரண்டு பேர் விசாரித்ததை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். சில நூறு பேர் வரும்வரை பொறுங்கள். ஊர்ப் பெயரையும் முழுதாக நம்ப வேண்டாம். செல்போன் வலைப்பின்னல் வழியே வருபவரின் ஊரைக் கருவி தவறாகச் சொல்லக்கூடும். மயிலாப்பூர்க்காரரா அடையாறுக்காரரா என்று பிரித்துக் காட்டவும் அதனால் முடியாது. அமெரிக்காவின் ஆஷ்பர்னிலிருந்து திடீரென்று கூட்டம் வந்தால் அது அங்குள்ள தரவு மையங்களின் இயந்திர வருகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நோட்டில் எழுதச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலை 1 அன்று எண்ணுவதை நிறுத்தியது; 2024 ஜூலையில் பழைய கணக்கைத் திறந்து பார்க்கும் வழியும் மூடப்பட்டது. தரவிறக்கி வைக்காதவர்களுக்குப் பல வருட விவரம் கைவிட்டுப்போனது. நிறுவனம் எவ்வளவு பெரியதானாலும் உங்கள் கணக்கின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

பெரும்பாலான சிறு கடைகளுக்கு என் பரிந்துரை இதுதான். பிசினஸ் புரொஃபைல், சர்ச் கன்சோல் இரண்டையும் உடனே தொடங்குங்கள். விளம்பரம் கொடுத்தால் கூகுள் அனலிட்டிக்ஸ், கொடுக்காவிட்டால் குக்கீ இல்லாத எளிய கருவி ஒன்று. குழந்தைகள் அதிகம் புழங்காத தளமாக இருந்தால், பண்டிகைக்கு முந்தைய மாதம் மட்டும் கிளாரிட்டி. இதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், உங்கள் நோட்டில் விடை கிடைக்காத கேள்வி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதல் மூன்று கேள்விகளை இன்று இரவு கடையைச் சாத்தும் முன் எழுதிவிடுங்கள்.