வந்த சந்தோஷம் ஏன் நிற்பதில்லை?



கல்யாணமான புதிதில் ஒரு சைக்கிள் இருந்தால் போதும் என்று இருந்தது. அது வந்ததும் மோட்டார் சைக்கிள் இருந்தால் தேவலை என்று தோன்றியது. தவணையில் அதுவும் வந்தது. இப்போது அடுத்த வீட்டு மாடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். இதைப் பேராசை என்று ஏசவேண்டாம். எது கிடைத்தாலும் அதற்குப் பழகிப் போவது மனசின் சுபாவம். மைசூர்பாகு முதல் வாய்க்கு இனிக்கிற மாதிரி நாலாவது வாய்க்கு இனிக்கிறதா?

நம் மாநிலத்தில் 1968-இல் அரசு லாட்டரி தொடங்கியது. 2003-இல் லாட்டரிச் சீட்டு விற்பனையே தடை செய்யப்பட்டது. "விழுந்தா ஒரே நாள்ல கஷ்டம் தீரும்" என்று கூலிக்காசைக் கொட்டியவர்களை வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். சரி, விழுந்தவர்கள் எப்படி இருந்தார்கள்?

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரி விழுந்த 22 பேரையும், அதே பகுதிகளில் வசித்த மற்ற 22 பேரையும் விசாரித்து 1978-இல் ஓர் ஆய்வு வெளியானது. பணம் வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிக சந்தோஷமாக இல்லை. நண்பரோடு பேசுவது, காலைப் பலகாரம் சாப்பிடுவது போன்ற அன்றாடக் காரியங்களில் அவர்களுக்கு ருசி குறைந்துகூட இருந்தது. 22 பேர் என்பது சின்னக் கணக்குதான். பிற்பாடு சுவீடன் நாட்டில் நடந்த பெரிய ஆய்வில், பரிசுப் பணம் வந்தவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி பல வருஷம் கூடியே இருந்தது. ஆகவே பணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கடனும் பசியும் உள்ள வீட்டில் பணம் நிம்மதி தரும், சந்தேகமில்லை. ஆனால் ஊர் மெச்சக் காதுகுத்து நடத்த வாங்கும் வட்டிக்கடன்? பந்தல் பிரித்த மறுநாளே சந்தோஷம் போய்விடும், வட்டி நிற்கும். அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

அன்றாட ருசியைக் காப்பாற்ற என்ன வழி? ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் டி.வி.யையும் செல்போனையும் அணைத்துவிட்டு, "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். செலவில்லாத வைத்தியம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பிரசவமான தாய்மார்களுக்கும் வரலாம். "திமிர்", "காத்து கருப்பு" என்று தள்ளிவிடாதீர்கள். சாராயத்தால் தீராது, அதிகமாகும். சிகிச்சையால் குணமாகும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம். வரும்போது இருவருமாக வாருங்கள்.