கொற்கைத் துறைப் பாடல்களில் வேட்கைச் சொற்கள்: ‘மாதர்’ என்னும் உரிச்சொல்லை முன்வைத்து

சங்க அக இலக்கியத்தில் விருப்பப் பொருள் தரும் சொற்கள் பல. காமம், காதல், வேட்கை, நசை, அவா, விழைவு, ஆர்வம் என்பவற்றை நிகண்டு நெறியில் ஒருபொருட் பன்மொழியாக அடுக்கிவிடுதல் எளிது. ஆயின் பாடலுள் இவை ஒன்றற்கொன்று மாற்றாக நிற்பதில்லை. யார் கூற்றில், யாரை நோக்கி எச்சொல் வருகிறது என்பதே அதன் பொருளெல்லையை வகுக்கிறது. கொற்கைத் துறையைப் பாடும் மூன்று பாடல்களைக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

நற்றிணை 23, ஐங்குறுநூறு 188, அகநானூறு 130 ஆகிய மூன்றும் கொற்கைத் துறையின் நெய்தல் மலரைத் தலைவியின் கண்ணோடு இணைக்கின்றன. கொற்கை என்றதும் முத்தை மட்டுமே நினைப்பது நம் வழக்கம். இப்பாடல்களில் வேட்கையைச் சுமப்பது முத்தன்று, கழியில் மலரும் நெய்தலே.

நற்றிணைப் பாடல் தோழி கூற்று. தலைவியின் தோள் மெலிவைத் தொடி மறைத்துவிடுகிறது. கண்ணால் மறைக்க இயலவில்லை என்கிறாள் தோழி. இங்கு வரும் சொல் ‘காமம்’. வரைவு கடாவும் இடமாதலின் மறைப்பின்றிச் சொல்லவேண்டிய தேவை அவளுக்கு உண்டு. அம்மூவனாரின் ஐங்குறுநூற்றுப் பாடலிலோ வைகறையில் மலரும் நெய்தல் உவமையாக, தலைவன் வாயில் ‘காதலி’ என்னும் உறவுச்சொல் அமைகிறது.

வெண்கண்ணனாரின் அகநானூற்றுப் பாடல் வேறு வகையினது. தன்னை இடித்துரைத்த பாங்கர்க்குத் தலைவன் மறுமொழி கூறுகிறான்: நேரில் கண்டிருந்தால் நீவிர் என்னைக் கழறமாட்டீர். பதினான்கு அடிகளில் பெரும்பகுதி நிலக்காட்சியே. தாழை மணம் புலவு நாற்றத்தை வெல்கிறது. அலை ஒதுக்கிய முத்து குதிரையின் காலை வடுப்படுத்துகிறது. காமம், காதல், வேட்கை, நசை ஆகிய நான்கில் ஒன்றும் இப்பாடலில் இல்லை. வேட்கையால் தளர்ந்தவன் தன் வேட்கைக்குப் பெயரிடவே இல்லை.

இறுதியடியில் தலைவியின் முகத்திற்கு அடையாக ‘மாதர்’ என்னும் சொல் வருகிறது. இன்றைய வாசகர் இதனை ‘பெண்’ எனக் கொண்டு கடந்துவிடுவர். தொல்காப்பியச் சொல்லதிகார உரியியல் மாதர் என்பதற்குக் காதல் எனப் பொருள் கூறுகிறது. அவ்வாறு கொள்ளின் அது விருப்பம் விளைக்கும் ஒளிமுகம் ஆகும். இலக்கணம் இரு பொருளுக்கும் இடந்தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. திருக்குறளின் 109ஆம் அதிகாரத் தொடக்கக் குறளில் இச்சொல் பெண்ணையே குறிக்கிறது. எனினும் அகம் 130இல் உரிச்சொற் பொருளே பொருந்தும் என்பது என் துணிபு. ‘உண்கண்’ என்ற அளவிலேயே பெண் சுட்டப்பட்டுவிட்டாள். மீண்டும் ‘பெண்’ என்பதால் பாடல் பெறுவது யாதுமில்லை. காதற்பொருள் கொண்டாலோ, பதின்மூன்று அடிகளாகத் தலைவன் அடக்கிய சொல் முகத்தின் அடையாக வெளிப்பட்டு, ‘நோக்கு’ என்னும் இறுதிச் சொல்லில் சென்று சேர்கிறது.

உரியியலில் இத்தகைய சொற்கள் வேறும் உள. நம்பு, மேவு என்பன நசைப் பொருளன. வெம்மை வேண்டற் பொருட்டு. ‘படர்’ உள்ளலையும் செலவையும் ஒருங்கே குறிக்கிறது. நினைத்தலும் செல்லுதலும் ஒரு சொல்லாவது ஏக்கத்தின் இயல்புக்கு மிக அணுக்கமானது. திருக்குறளின் 117ஆம் அதிகாரம் ‘படர்மெலிந்திரங்கல்’ எனப் பெயர் பெற்றதும் இங்குக் கருதத்தக்கது. தனிமைப் பொருளதாக உரியியல் காட்டும் ‘புலம்பு’ இன்று வாய்விட்டு அழுவதாகச் சுருங்கிவிட்டது. நெய்தல் தலைவன் ‘புலம்பன்’ எனப்படும்போது மாணவர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சங்கச் சொல்லடைவுகளில் ‘மாதர்’ என்பதன் வருகைகள் அனைத்தையும் ‘பெண்’ என்னும் ஒரே பதிவின்கீழ் அடக்கினால், வேட்கைச் சொற்களை எண்ணும் ஆய்வில் அகம் 130 இடம்பெறாது போய்விடும். ஒவ்வொரு வருகையையும் கூற்று, துறை, அடைநிலை ஆகியவற்றோடு வைத்துத் தனித்தனியே பிரித்துப் பதிதல் வேண்டும்.