செந்துறை வாசலுக்கு ஒரு மேசை, நான்கு நாற்காலி: தச்சு பழகுவோருக்கான முழுமையான வழிகாட்டி

செந்துறை வட்டாரத்தில் வாசலில் போடும் மரச்சாமானுக்கு இரண்டு சோதனைகள். சித்திரை, வைகாசி வெயில் மரத்தை உலர்த்திச் சுருக்கும். ஐப்பசி மழை அதே மரத்தை ஊற வைத்து உப்ப வைக்கும். ஆண்டுதோறும் இந்தச் சுருக்கமும் உப்பலும் நடந்தே தீரும். அதைத் தடுக்க முயலும் மேசை பிளக்கும், இடம் கொடுக்கும் மேசை நிலைக்கும். இந்த வழிகாட்டியின் அளவுகளும் துளைகளும் இடைவெளிகளும் அந்த ஒரு காரணத்துக்காகவே இப்படி அமைந்தவை.

எந்த மரம்?

வெட்டவெளியில் மழை நனையப் போடுவதென்றால் தேக்குதான். வைரம் பாய்ந்த பகுதியில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அண்டாது. வெளிப்புறத்து வெளிர் பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது. எனவே மில்லில் பலகை எடுக்கும்போது வெளிர் பட்டை ஓடுகிறதா என்று இரண்டு ஓரமும் பாருங்கள். விலை குறைவென்று அதை ஏற்காதீர்கள்.

தாழ்வாரத்துக்குள் போடுவதாக இருந்தால் தேக்கு கட்டாயமில்லை. பூவரசும் வாகையும் நல்ல நிறமும் உறுதியும் உள்ள மரங்கள். வேம்பின் வைரத்தைப் பூச்சி தொடாது. ஆனால் நார் மாறி மாறி ஓடுவதால் இழைக்கும்போது பிய்யும். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

சுற்றிலும் முந்திரித் தோப்பு இருப்பதால் முந்திரிக் கட்டை மலிவாகக் கிடைக்கும். அது மென்மையான மரம், வெளியில் நிற்காது. தைலமரமும் சரியாக உலராவிட்டால் முறுக்கிக்கொள்ளும்.

மேசைக்கும் நான்கு நாற்காலிக்கும் கழிவு சேர்த்து சுமார் 6 கன அடி தேவைப்படும். கணக்கு எளிது: நீளத்தை அடியிலும் அகலம், கனத்தை அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி. 4 அடி நீளம், 4 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள பலகை 0.11 கன அடி.

உலர்த்தல்

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் கட்டம் இது. பச்சை மரத்தில் எவ்வளவு நேர்த்தியாக இணைப்பு போட்டாலும் அடுத்த கோடையில் அது லொடலொடக்கும். பலகைகளை நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்குக் குச்சி வைத்து அடுக்குங்கள். காற்று உள்ளே ஓட வேண்டும், வெயில் நேராக விழக் கூடாது. பலகையின் இரு முனைகளிலும் பெயின்ட் அல்லது மெழுகு பூசினால் முனைவெடிப்பு குறையும். 1 அங்குலப் பலகை உலர ஓராண்டு என்பது பழைய கணக்கு. அதே மரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, அதன் முனைகளிலும் அதே பூச்சுப் பூசி, அடுக்கோடு வைத்து, வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் ஊரின் காற்றுக்குப் பழகிவிட்டது.

கருவிகள்

கை ரம்பம், இழைப்புளி, 3 நூல் உளி, 1 அங்குல உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், துளைக்கும் இயந்திரம், உப்புத்தாள். தச்சர் கணக்கில் ஒரு அங்குலம் 8 நூல். அளவு சொல்வதும் கேட்பதும் இதில்தான். உளியைத் தீட்டப் பழகாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

மேசை

உயரம் 29 அங்குலம். மேற்பலகைக்கு 4 அடி நீளம், 4 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில் 7 பலகைகள்; இடையில் 2 நூல் இடைவெளி. மொத்த அகலம் 29½ அங்குலம் வரும். பலகைகளைப் பசை போட்டு ஒன்றாக ஒட்டிவிடாதீர்கள். மழைநீர் வடியவும் மரம் உப்பவும் அந்த 2 நூல் வேண்டும்.

கால்கள் 2½ அங்குலச் சதுரம். அவற்றை இணைக்கும் சட்டம் 3½ அங்குல அகலம், 1 அங்குலக் கனம். சட்டத்தின் முனையை 3 நூல் கனமுள்ள நாக்காகச் செதுக்கி, காலில் தோண்டிய துளைக்குள் இறக்க வேண்டும். எப்போதும் துளையை முதலில் தோண்டுங்கள். நாக்கைத் துளைக்கேற்பச் சீவுவது எளிது. கையால் அழுத்தினால் இறுக்கமாக இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் கால் பிளக்கும். இரண்டு நாக்குகள் காலுக்குள் சந்திக்கும் இடத்தில் முனைகளை 45 டிகிரிக்குச் சரித்து வெட்டுங்கள்.

வெளியில் கிடக்கும் சாமானுக்குச் சாதாரண வெள்ளைப் பசை ஆகாது, தண்ணீர் தாங்கும் மரைன் வகை வேண்டும். பசை பூசி இறக்கியதும் கயிற்றைச் சுற்றிக் கட்டி, இடையில் குச்சி செருகி முறுக்குங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று உடனே பாருங்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்துப் பயனில்லை. உலர்ந்தபின் ஒவ்வொரு இணைப்பிலும் குறுக்கே துளைத்து மூங்கில் ஆணி அடியுங்கள்.

மேற்பலகைகளை நடுவில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் தாங்க, அடியிலிருந்து திருகுங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் பலகைக்கு இரண்டு திருகு; ஒரு துளை சரியளவு, மற்றது பலகையின் அகலவாக்கில் நீண்டது. பலகை அசைய வழி அதுதான். துருப்பிடிக்காத எஃகுத் திருகே வாங்குங்கள். இரும்புத் திருகு ஈரத்தில் தேக்கைக் கறுக்கச் செய்யும்.

நாற்காலி

நாற்காலி மேசையைவிடக் கடினம். சாய்ந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடத்தில்தான் முழுப் பாரமும் விழுகிறது. பழைய நாற்காலிகள் ஆடத் தொடங்குவது அங்கேதான். அதனால் பக்கச் சட்டத்தின் அகலத்தை 3 அங்குலத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். நாக்கின் நீளம் 1¼ அங்குலம். தரையிலிருந்து 5 அங்குல உயரத்தில் முன்காலையும் பின்காலையும் இணைக்க இன்னொரு மெல்லிய சட்டமும் வேண்டும்.

இருக்கையின் முன்பக்க உயரம் 17½ அங்குலம், பின்பக்கம் 4 நூல் தாழ்வு. அகலம் 18, ஆழம் 16. பின்கால் 34 அங்குலம். இருக்கைக்கு மேலே 3 அங்குலம் பின்னோக்கிச் சாய வேண்டும். அதை அட்டையில் வரைந்து வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு, 1½ அங்குலக் கனமுள்ள பலகையில் எட்டுப் பின்கால்களையும் குறியுங்கள். நார் வளைவோடு சேர்ந்து ஓடும் இடத்தைத் தேடி அச்சை வையுங்கள். நாருக்குக் குறுக்கே வெட்டிய கால் ஒருநாள் முறியும்.

பின்புறம் குறுகும் இருக்கை அழகுதான். ஆனால் அதற்குப் பக்கச் சட்டங்களின் நாக்குகள் கோணலாக அமைய வேண்டும். முதல் நாற்காலியை நேர் செவ்வகமாகவே செய்யுங்கள்.

அழகு

மேசைக் காலின் உட்பக்கம் இரண்டையும் சட்டத்துக்குக் கீழிருந்து தொடங்கி, அடியில் 1½ அங்குலம் ஆகும்வரை சரிவாக இழைத்தால் கனத்த மேசையும் மெலிந்து நிற்கும். விளிம்புகளை மழுக்குங்கள், நீர் தங்காது, கையும் உரசாது. செதுக்கு வேலை வேண்டுமானால் நாற்காலியின் முதுகுப் பலகையோடு நிறுத்துங்கள். பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்து மாவட்டத்திலேயே அப்படிப்பட்ட கைகள் இருக்கும்போது, இயந்திரத்தில் அடித்த பூவை வாங்கி ஒட்ட வேண்டாம்; அந்த ஒரு பலகையை அவர்களிடம் கொடுத்துச் செதுக்கலாம்.

எண்ணெயும் பராமரிப்பும்

80, 120, 180 எண் உப்புத்தாள்களை வரிசையாக, நார் ஓடும் திசையில் தேயுங்கள். வெயிலில் வார்னிஷ் தோல் தோலாக உரியும், எண்ணெய் உரியாது. கொதிக்க வைத்த ஆளிவிதை எண்ணெயை (பெயின்ட் கடையில் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள்) துணியில் தொட்டுப் பூசி, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு. பலகை முனைகளும் கால் அடிகளும் தண்ணீரை உறிஞ்சும் இடங்கள், அங்கே குடிக்கும் வரை ஊட்டுங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்து வெளியில் காயவிடுங்கள்.

மண் தரையில் ஒவ்வொரு காலுக்கும் கீழே கடப்பாக்கல் துண்டு ஒன்று வைத்தால் கரையானும் ஈரமும் விலகி நிற்கும். புரட்டாசியில், மழைக்கு முன், ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூசுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தாளால் இறுக மூட வேண்டாம். உள்ளே அடைபடும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். எங்காவது மூங்கில் ஆணி தளர்ந்திருந்தால், பழையதைத் தட்டி எடுத்துவிட்டுச் சற்றுத் தடித்த புதியதை அடியுங்கள்.