கருவுற்ற முதன் மூன்று திங்கள்

இல்வாழ்க்கை புகவிருக்கும் நம் மாணவ மாணவியர் அறியவேண்டியதும், நாணத்தாற் பலர் பேசாது விடுவதுமான பொருளொன்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

கரு உருவாகிய 28 நாட்களளவில், சிசுவின் மூளைக்கும் முதுகுத்தண்டிற்கும் மூலமாகிய நரம்புக்குழல் மூடிவிடுகின்றது. தாய் தன் நிலையைத் தெளியுமுன்னரே இது நிகழ்தலின், 400 மைக்ரோகிராம் போலிக் அமிலத்தைக் கருவுறுதற்கு ஒரு திங்கள் முன்தொட்டு 12 வாரம்வரை நாடோறும் உட்கொள்ளல் நன்று. பம்பாய் ஆலைகளிற் பணிபுரிந்த கர்ப்பிணிகளின் சோகை ஈஸ்டுச் சாற்றால் நீங்குதலை லூசி வில்ஸ் அம்மையார் 1931-இல் வெளியிட்டதே இச்சத்தின் வரலாற்றுத் தொடக்கமாம்.

மசக்கை ஆறாம் வாரமளவில் தோன்றிப் பெரும்பாலார்க்கு 20 வாரத்துள் தணியும். சிறுகச் சிறுகப் பன்முறை உண்பது உதவும். பருகிய நீரும் தங்காதாயினும், உதிரம் காணினும், அடிவயிற்றிற் கடுநோவு எழினும், உடற்சூடென்று வாளாவிராது அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும். புகையும் மதுவும், வைத்தியர் அறியா மருந்தும் அறவே விலக்கத்தக்கன.

இப்பருவத்திற் கலையும் கருக்களுட் பாதியளவு குரோமோசோம் குறையால் நேர்வன. மாடிப்படி ஏறினமையால் அல்ல. ஆதலின், கருவிழந்தாளைப் பழியாது, அவள் துயரிற் பங்குகொள்ளுதலே கணவர்க்கும் மாமியார்க்கும் உரிய கடனென்போம்.