இருநூறு காப்பிக்கு விலை கேட்கப் போனேன்

நம்ம இதழ் ஏன் புத்தகமா வராமல் பிடிஎஃப்-ஆகவே வருது என்று ஜூனியர்ஸ் வருஷா வருஷம் கேட்கிறார்கள். இந்த முறை பதிலோடு வரலாம் என்று காரைக்கால் டவுனில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். 64 பக்கம், முழுக் கலர், 200 காப்பி. அச்சக அண்ணன் சிரித்தார். "தம்பி, உங்களுக்கு இருநூறு போதும். என் மெஷினுக்கு ரெண்டாயிரமாவது வேணும்."

இந்த ஒரு வரி புரிந்தால் அச்சுத் தொழிலின் சந்தை பாதி புரிந்த மாதிரி.

அவரிடம் இருப்பது ஆஃப்செட் மெஷின். அலுமினியப் பிளேட்டில் எழுத்து இருக்கும் இடம் எண்ணெய் மையைப் பிடிக்கும், மற்ற இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளிவிடும். பிளேட் நேராகப் பேப்பரைத் தொடாது. நடுவில் ஒரு ரப்பர் உருளை மையை வாங்கிப் பேப்பரில் பதிக்கும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று ஒரு பக்கத்துக்கு நாலு பிளேட். ஒரு பெரிய தாளில் இரு புறமும் சேர்த்து 16 பக்கம் வரும், அதற்கு 8 பிளேட். நம்ம 64 பக்கத்துக்கு 32 பிளேட். முதல் காப்பி வருவதற்கு முன்பே இந்தச் செலவு விழுந்துவிடும்.

இப்போ ஒரு கணக்கு (எண்கள் என் கற்பனை, அவர் சொன்ன ரேட் அல்ல). பிளேட், மெஷின் செட்டிங் சேர்த்து 16,000 ரூபாய், அதற்கு மேல் காப்பிக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டிஜிட்டல் பிரிண்டில் பிளேட்டே கிடையாது, ஆனால் காப்பிக்கு 120. 50 காப்பி என்றால் ஆஃப்செட்டில் 18,000, டிஜிட்டலில் 6,000. 2,000 காப்பி என்றால் ஆஃப்செட்டில் 96,000, டிஜிட்டலில் 2,40,000. இரண்டும் சந்திக்கும் புள்ளி சரியாக 200! மேனேஜ்மென்ட் பேப்பரில் படித்த பிரேக்-ஈவன் இதுதான்.

இந்தத் தலைவலி புதுசு இல்லை. நமக்கு வடக்கே பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு. பேப்பரோ கப்பலில் வரவேண்டும். அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பக்கத்துப் பொறையாரில் பேப்பர் ஆலையும் வைத்தார்கள். எழுத்தின் அளவைக் குறைத்துச் செலவைக் குறைக்கும் வேலையை நாம் இன்றைக்கும் லேஅவுட்டில் செய்கிறோம்.

"பிரிண்டிங் செத்துப்போச்சு மச்சி" என்று ஹாஸ்டலில் சொல்பவர்கள் செய்தித்தாளை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். படிப்பதற்காக அச்சடிப்பது ஒரு பிரிவுதான். சுற்றிப் பார்த்தால் நம் கையில் இருக்கும் அச்சு பெரும்பாலும் பொருளைச் சுற்றி வருவது. கேன்டீன் சிப்ஸ் பாக்கெட் கிராவ்யூர் முறை: உலோக உருளையில் குழி குழியாகச் செதுக்கி, அதில் மை நிரப்பி, பிளாஸ்டிக் ஃபிலிமில் பதிப்பது. உருளை செய்வது காசு பிடித்த வேலை, லட்சக்கணக்கில் அடிக்கும் கம்பெனிக்குத்தான் கட்டுப்படியாகும். ஆன்லைன் ஆர்டர் வரும் அட்டைப்பெட்டியில் இருப்பது ஃபிளெக்ஸோ, ரப்பர் ஸ்டாம்ப் உருளையில் சுற்றின மாதிரி. மாத்திரை டப்பா ஆஃப்செட். பாக்கெட் இல்லாமல் பொருளை விற்க முடியாது, அதனால் பேக்கேஜிங் பிரிவை மொபைல் போன் ஒன்றும் செய்யவில்லை. சிவகாசியின் கதையும் இதேதான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தேவைப்பட்டதால்தான் அங்கே அச்சு வளர்ந்தது. காலண்டர், டைரி எல்லாம் அந்த மெஷின்களின் மேல் ஏறி வந்தவை.

இசிஇ, இஇஇ நண்பர்கள் இதைக் கவனிக்கவும். சோலார் செல்லின் முகத்தில் ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போட்டவை. டி-ஷர்ட்டில் சிம்போசியம் லோகோ அடிக்கும் அதே தத்துவம், மைக்குப் பதில் வெள்ளிப் பசை. பிரிண்டிங் நமக்கு கோர் இல்லை என்று யார் சொன்னது? கிண்டியில் இதற்குத் தனி டிபார்ட்மென்டே இருக்கிறது.

காரைக்கால் மாதிரி ஊரில் பேக்கேஜிங் ஆர்டர் வராது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், மாங்கனித் திருவிழா நோட்டீஸ், கந்தூரி போஸ்டர், திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி பேனர், கண்ணீர் அஞ்சலி. இதில் பேனரெல்லாம் ஃபிளெக்ஸ் கடைக்குப் போய்விட்டது, பத்திரிகை பாதி வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. "இப்ப பில் புக்குதான் தம்பி சோறு போடுது, அதையும் கம்ப்யூட்டர் பில் தின்னுது" என்றார் அண்ணன். மகன் சென்னையில் ஐடி வேலை. மெஷினை விற்கலாமா என்று கேட்க இரண்டு பேர் வந்து போனார்களாம். நான் பேசிக்கொண்டிருந்த நேரத்திலும் அவர் கை உருளையில் காய்ந்த மையைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பிடிஎஃப் பிடிஎஃப்-ஆகவே இருக்கட்டும். 25 காப்பி மட்டும் டிஜிட்டலில் எடுத்து வந்தால் பைண்டிங் அவர் போட்டுத் தருவார், தையல் பைண்டிங், பசை இல்லை. லைப்ரரிக்கு இரண்டு, எழுதியவர்களுக்கு ஒவ்வொன்று. பணம் வசூலிக்கும் பொறுப்பு மூன்றாம் ஆண்டு எடிட்டோரியல் டீமிடம்.