புதுப்பித்தால் மறையும் பக்கம்

பதுளைச் சுற்றுலாத் தலங்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் தளம் அமைத்தேன். முகப்பிலிருந்து துன்ஹிந்த நீர்வீழ்ச்சிப் பக்கம் திறக்கிறது. அங்கே ‘ரிஃப்ரெஷ்’ செய்தால் 404 வருகிறது. ஏன்?
— வாசகி, பசறை

தங்கள் நிரலில் தோஷமில்லை, சகோதரி. முகப்பிலிருந்து செல்லுகையில் ஜாவாஸ்கிரிப்டே ‘புஷ்ஸ்டேட்’ வாயிலாக முகவரியை மாற்றிப் பக்கத்தையும் அமைத்துவிடுகிறது. புதுப்பிக்கும்போதோ, அம்முகவரி நேரே சர்வரைச் சென்றடைய, அப்பெயரில் கோப்பெதுவும் தன்னிடம் இல்லாமையால் அது கைவிரித்துவிடுகிறது. ஆகவே, கோப்பாக இல்லாத எந்த முகவரி கேட்கப்பட்டாலும் முகப்புக் கோப்பையே அனுப்புமாறு சர்வருக்குக் கட்டளையிடுங்கள். என்ஜின்எக்ஸில் ‘ட்ரை ஃபைல்ஸ்’ என்னும் ஒரே வரி அதற்குப் போதுமானது. சர்வரைத் தொடும் அதிகாரம் தங்களுக்கு இல்லையாயின், பாதையை # குறிக்குப் பின்னே எழுதும் முறையைக் கைக்கொள்ளலாம். அக்குறிக்குப் பிற்பட்டது எதுவும் சர்வருக்குச் செல்வதேயில்லை. முதல் முறையில், உண்மையிலேயே இல்லாத பக்கத்துக்குரிய அறிவிப்பை இனித் தங்கள் நிரலே காட்ட வேண்டும்.