கம்ப்யூட்டருக்கு ‘சோ’ எத்தனை எழுத்து?



‘மதுரை’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட 3 என்று சொல்லிவிடும். பைத்தான் மொழியில் கேட்டால் 5 என்கிறது. சி மொழியின் ‘எஸ்டிஆர்லென்’ பங்ஷனைக் கேட்டாலோ 15 என்கிறது! யார் சொல்வது சரி?

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஆங்கிலத்துக்கான ஆஸ்கி பட்டியலில் இருப்பதே 128 இடங்கள்தான். தமிழுக்கு அதில் இடமில்லை. அதனால் 1990களில் ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்துக்கொண்டது. ஒன்றில் அடித்த கடிதத்தை இன்னொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான்! இதைச் சீர்செய்ய 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அதன் வழியாக வந்தவை. உலக மொழிகளை ஒரே பட்டியலில் அடக்கும் யூனிகோட் 1991லேயே வந்துவிட்டது. தமிழக அரசு 2010ல் அதை ஏற்றது.

நம் எழுத்துகள் 247. ஆனால் யூனிகோடில் இவற்றை எழுத 43 எண்களே போதும். உயிர் 12, அகரம் ஏறிய மெய் 18, கால், கொம்பு போன்ற துணைக்குறிகள் 11, புள்ளி 1, ஆய்தம் 1. மற்றதெல்லாம் சேர்க்கைதான். ‘மதுரை’யைப் பிரித்தால் ம 2990, த 2980, உகரக்குறி 3009, ர 2992, ஐகாரக்குறி 3016. ஆக 5 எண்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எண் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். எனவே 15. மூன்று பதிலுமே சரிதான்! எதை எண்ணுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இனிமேல்தான் சிக்கல். ‘சோ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ச (2970), ஓகாரக்குறி (3019) என 2 எண்கள். அல்லது ச (2970), இரட்டைச்சுழிக் கொம்பு (3015), கால் (3006) என 3 எண்கள். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். எண்ணுக்கு எண் ஒப்பிடும் புரோகிராமுக்கு மட்டும் இவை வேறு வேறு.

இதனால் என்ன வந்துவிடப்போகிறது என்கிறீர்களா? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பாவின் பெயர் ‘சோ’ என்று தொடங்கும். ஓர் அலுவலகத்தில் அவர் பெயரைத் தேடிவிட்டு, “அப்படி ஒரு பேரே லிஸ்ட்ல இல்லையேப்பா” என்று அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் கூலி போனதுதான் மிச்சம். அதே பட்டியலை இறக்கி, எண்களைப் பிரித்துப் பார்த்தேன். பட்டியலில் ‘சோ’வுக்கு 3 எண்கள், வழக்கமாக நாம் அடிக்கும் ‘சோ’வுக்கு 2. பெயர் இருந்தும் இல்லாமல் போனது இப்படித்தான்!

தமிழுக்கு மட்டும் இந்தத் தொல்லை என்று நினைக்காதீர்கள். பழைய கிரேக்க மொழியில் ஆல்பா எழுத்தின் மேல் ஒலிக்குறி போடுவார்கள். அதையும் ஒரே எண்ணாகவும் வைக்கலாம், எழுத்துக்கு ஒன்று, குறிக்கு ஒன்று என இரண்டாகவும் வைக்கலாம்.

மருந்தும் யூனிகோடிலேயே இருக்கிறது. இவ்விரு வடிவமும் சமம் என்று அது விதித்திருக்கிறது. ‘நார்மலைசேஷன்’ செய்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். என்.எஃப்.சி என்பது சேர்த்து வைக்கும் முறை, என்.எஃப்.டி என்பது பிரித்து வைக்கும் முறை. பைத்தானில் இதற்கு ‘நார்மலைஸ்’ என்ற பங்ஷன் தயாராக இருக்கிறது. பெயரைப் பதியும்போதும் சரி, தேடும்போதும் சரி, ஒரே முறையில் இதைச் செய்துவிட வேண்டும். ஒரே ஒரு வரி வேலை!

லேபில் ‘சோழவந்தான்’ என்று அடித்துப் பாருங்கள். நமக்கு 6 எழுத்து. சேர்த்து வைத்தால் 10 எண்கள், பிரித்து வைத்தால் 11.

நாளை நம்மில் யாரோ ஒருவர்தான் இப்படியொரு பட்டியலுக்குப் புரோகிராம் எழுதப்போகிறோம். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு 3019ம் தெரியாது, 3015ம் தெரியாது. நமக்குத் தெரியும். அந்த ஒரு வரியை மறக்காமல் எழுதுவோம், நண்பர்களே!